பையப் போகும் தெரு

வண்டி எடுக்காத நாட்களில் காளவாசல் நிறுத்தத்தில் இறங்கி நடந்துதான் பள்ளிக்கு வருவேன். மேம்பாலத்துக்கு அடியில் சாலையைக் கடந்து, தேனி மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து, டீக்கடை முக்கில் திரும்ப வேண்டும். முக்கு வரும்வரை கையில் பையை இறுக்கிப் பிடித்திருப்பேன். திரும்பியதும் பிடி தளர்ந்துவிடும். பேருந்து கிடையாது, லாரி கிடையாது, நம் பிள்ளைகள் நடக்கிற தெரு. கடந்த ஜூலையில் எங்கள் ஆறாம் வகுப்பு மாணவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது இந்தத் தெருவில்தான்; மெயின் ரோட்டில் அல்ல.

மாலை நான்கு இருபது. பள்ளி விட்ட நேரம். தன் பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒருவரின் பைக் அவள்மேல் மோதியது. அவர் பொல்லாதவர் அல்லர். அவரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார், இரவு வரை அவள் அம்மாவோடு இருந்தார். என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “குறுக்க வந்துருச்சு டீச்சர், நான் பாக்கல.”

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். ஓரமாக நடங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள், தெருவில் ஓடாதீர்கள். பத்து நிமிடம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அன்று மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புக்குப் போனபோது ஒரு பையன் எழுந்தான்.

“டீச்சர், ஓரமா போங்கன்னு சொன்னீங்கள்ல? நம்ம தெருவுல ஓரம் எங்க இருக்கு?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் சாலைப் பாதுகாப்புப் பாடம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். குறியீடுகளை வரையச் சொல்வேன், தலைக்கவசம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வேன். என் பாடம் முழுவதும் நடக்கிற பிள்ளையிடம் பேசியது. ஓட்டுகிறவருக்கு அந்தப் பிள்ளையிடம் என்ன கடமை என்று நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. பாடநூலைக் குறை சொல்லவில்லை. நான் நடத்திய விதம் அப்படி.

ஓரம் எங்கே என்று கேட்டவனுக்குப் பதில் சொல்ல எனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம்தான் இக்கட்டுரை. எட்டாம் வகுப்பில் செய்தோம். ஏழு முதல் பத்து வரை எந்த வகுப்பிலும் செய்யலாம். முதல் பகுதியைத் தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம்.

தெருவை அளப்பது

முதலில் சொற்களைச் சேகரித்தோம். நாம் நடக்கிற இடத்துக்குத் தமிழில் என்னென்ன பெயர்? சாலை, ரோடு, தெரு, வீதி, சந்து என்று கரும்பலகை நிரம்பியது. ஒரு மாணவி வீட்டில் ஆச்சியைக் கேட்டு “முடுக்கு” என்று கொண்டுவந்தாள். வேறுபாட்டையும் அவர்களே சொன்னார்கள். சாலை ஊரையும் ஊரையும் இணைப்பது, தெரு வீடும் வீடும் பார்த்துக்கொள்வது, வீதியில் சாமி வரும், முடுக்கில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்துக்கு இந்த நயம் எல்லாம் கிடையாது. பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் அதற்குப் “பொது இடம்”தான். தேனி ரோடும் எங்கள் பள்ளித் தெருவும் அதன் கண்ணில் ஒன்று.

(காளவாசல் என்றால் சூளை என்று அன்றுதான் பல பிள்ளைகளுக்குத் தெரியும். செங்கல் வண்டிகள் மாட்டு நடையில் போயிருக்கக்கூடிய இடத்தில் இன்று மேலே ஒரு பாலம், கீழே ஒரு சிக்னல். இது தனிப் பாடமாக வேண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன்.)

பிறகு டேப் எடுத்துக்கொண்டு போனோம். காலை வகுப்பு தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, தெரு அடங்கியிருக்கும்போது. பள்ளி வாசலில் அகலம் 5.4 மீட்டர். டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் 4.1. நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் சாக்கடை மூடியின் உடைந்த பகுதியையும் கழித்தால் உண்மையில் நடக்க, ஓட்டக் கிடைப்பது சில இடங்களில் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும்.

பிள்ளைகள் உடனே சொன்ன தீர்வு: “நடைபாதை போடச் சொல்லுவோம் டீச்சர்.” சரி, கணக்குப் போடுவோம் என்றேன். நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றி இந்தியச் சாலைகள் பேராயம், அதாவது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், வெளியிட்டுள்ள வழிகாட்டி நெறி நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் போட்டால் 3.6. பள்ளி வாசலில் மிச்சம் 1.8 மீட்டர். ஓர் ஆட்டோ நுழையும். கார் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டுதான் போகும். டிரான்ஸ்பார்மர் அருகே மிச்சம் அரை மீட்டர், சைக்கிள் மட்டும். ஒரு பக்கம் மட்டும் போடலாமே என்றால் எதிர்ப்பக்க வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் வண்டித் தடத்தில் நிற்பார்.

எனவே இந்தத் தெருவில் நடப்பவருக்குத் தனியாக ஓர் இடமும் வண்டிக்குத் தனியாக ஓர் இடமும் கொடுக்க முடியாது. நடப்பவர், சைக்கிள், ஸ்கூட்டர், கார், தண்ணீர்க் குடம், பந்து எல்லாம் ஒரே 5.4 மீட்டரில்தான் இருந்தாக வேண்டும். இப்போதும் அப்படித்தான் இருக்கின்றன. ஓரம் எங்கே என்ற கேள்விக்கு அளவு டேப் சொன்ன பதில்: ஓரம் இல்லை, வரப்போவதும் இல்லை.

72ஐ வகுத்தல்

அடுத்தது வேகம். வாசலில் இருந்து 20 மீட்டர் தூரத்துக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டோம். முதல் கோட்டை வண்டி தொடும்போது ஒருவர் கையை உயர்த்துவார், இன்னொருவர் கைப்பேசியில் நிறுத்துகடிகாரத்தை ஓட்டுவார், இரண்டாம் கோட்டில் நிறுத்துவார். கி.மீ. வேகம் காண 72ஐ நொடியால் வகுத்தால் போதும். 20 மீட்டரை 3.6 நொடியில் கடந்தால் மணிக்கு 20 கி.மீ., 2.4 நொடி என்றால் 30, 1.8 நொடி என்றால் 40. 14.4 நொடி என்றால் 5 கி.மீ., அது நம் நடை. 72 எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், 20ஐயும் 3.6ஐயும் கொடுத்தால் போதும்.

இதைச் செய்யும் ஆசிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது. நாங்கள் பள்ளி வாசல் படியிலும், எதிர் வீட்டம்மாவின் அனுமதியோடு அவர் திண்ணையிலும் அமர்த்தினோம். இரண்டு ஆசிரியர்கள் உடன் இருந்தோம். வண்டி எண்ணைக் குறிக்க வேண்டாம், “பைக்”, “கார்”, “ஆட்டோ” என்று மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

மூன்று நாள், காலை எட்டரையில் இருந்து ஒன்பது வரை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் 3.6 நொடிக்குள் கடந்திருந்தன. பட்டியலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்த மாணவி ஓரிடத்தில் நின்றுவிட்டாள். நோட்டைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், பிறகு எழுதாமல் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள். என்ன என்று கேட்டேன். நோட்டை நீட்டினாள்.

“ஸ்கூட்டர், 2.4 நொடி (நம்ம டீச்சர்).”

மணிக்கு 30 கி.மீ. ஜூலையில் மோதிய பைக்கும் அந்த வேகத்துக்கு மேல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட நேரமாகிவிடும் என்ற அவசரம். காரணம் எல்லோருக்கும் இருக்கிறது. எழுதச் சொன்னேன். எழுதினாள்.

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை எங்கள் அறிவியல் ஆசிரியர் வந்து நடத்தினார். ஒன்பதாம் வகுப்பில் வரும் இயக்கச் சமன்பாடுதான்; எட்டாம் வகுப்புக்கு அதைக் கோலி உருட்டிக் காட்டி விளக்கினார். பார்த்து, மூளை உணர்ந்து, பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. மணல் கிடக்கும் தெருவில் வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ எட்டரை மீட்டர் போதும். 30இல் பதினைந்து. 50இல் முப்பத்து மூன்று. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது என்பதைப் பிள்ளைகள் மைதானத்தில் கோடு போட்டு நடந்து பார்த்தார்கள். பள்ளி வாசலில் இருந்து ஒன்பது மீட்டரில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. இருபதில் வருகிற வண்டி, பிள்ளை வாசலில் இருந்து ஓடி வருவதைக் கம்பத்தடியில் பார்த்தால் நின்றுவிடும். முப்பதில் வருகிற வண்டிக்கு, அதாவது எனக்கு, கம்பத்தடியில் பார்த்தால் வாசலுக்குள் பிரேக் சரியாகப் பிடித்துக்கூட முடியாது.

“நான் பாக்கல” என்றார் அந்த அப்பா. பார்த்திருந்தாலும் நின்றிருக்க முடியாது.

யார் யாருக்காகக் காத்திருப்பது

இப்போது சட்டத்துக்கு வந்தோம். வழக்கமாக நான் சட்டத்தைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போவேன். இம்முறை தலைகீழாகச் செய்தேன். நம் தெருவுக்கு நீங்களே மூன்று வரியில் சட்டம் எழுதுங்கள், பேச்சு மொழியில் எழுதலாம் என்றேன். ஐந்து குழுக்கள். ஒரு குழு வண்டியே வரக் கூடாது என்று எழுதியது. ஆம்புலன்ஸ்? கியாஸ் வண்டி? கால் முடியாத தாத்தாவை எப்படிக் கூட்டிப் போவது? அந்தக் குழுவே அடித்துவிட்டது. நீண்ட சண்டைக்குப் பிறகு வகுப்பு ஒப்புக்கொண்ட மூன்று வரி இது:

“நம்ம தெருவுல வண்டி பைய வரணும். ஆளு குறுக்க வந்தா வண்டி நிக்கணும். ஆளும் சும்மா வழிய மறிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.”

எழுதி முடித்த பிறகுதான் நெதர்லாந்து கதையைச் சொன்னேன். 1960களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் சில குடியிருப்புத் தெருக்களை வண்டி வேகமாகப் போக முடியாதபடி மாற்றி அமைத்தார்கள். நடைபாதை, சாலை என்ற மட்ட வேறுபாட்டை எடுத்துவிட்டு, நேர் தடத்தை வளைத்து, நடுவில் மரமும் இருக்கையும் வைத்தார்கள். அப்போது அந்த நாட்டில் சாலைச் சாவு உச்சத்தில் இருந்தது. 1971இல் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் மட்டும் நானூறுக்கு மேல். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1976இல் அந்த வகைத் தெருவுக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. ‘வூனெர்ஃப்’ என்று பெயர். குடியிருப்பு முற்றம் என்று சொல்லலாம். நடப்பவர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், பிள்ளைகள் விளையாடலாம். வண்டி நடை வேகத்தைத் தாண்டக் கூடாது. நடப்பவரும் தேவையில்லாமல் வண்டியை மறிக்கக் கூடாது. குறித்த இடத்தில் மட்டுமே நிறுத்தலாம்.

“டீச்சர், நாம எழுதுனதுதான!” என்று கத்தினார்கள். கடைசி விதி, வண்டி நிறுத்துவது, நமக்குத் தோன்றவில்லையே என்று ஒருத்தி வருத்தப்பட்டாள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல நாடுகள் இதைச் சட்டத்தில் எழுதின. ஜெர்மனி 1980இல், அங்கேயும் சொல் “நடை வேகம்”தான். கடைத்தெருக்களுக்கும் பொருந்தும்படி சுவிட்சர்லாந்து 2002இல் “சந்திப்பு மண்டலம்” என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வேக வரம்பு 20 கி.மீ., முன்னுரிமை நடப்பவருக்கு. பிரான்சு 2008இல் அதையே ஏற்றது. நடை வேகம் என்பது புதிதும் அல்ல. 1865இல் பிரிட்டனில் இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல்தான் போகலாம், முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1896இல் அதை எடுத்துவிட்டார்கள். சிவப்புக் கொடிக்காரர் கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாரம் முழுவதும் இடைவேளையில் யாராவது ஒருவன் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு இன்னொருவன் முன்னால் நடந்தான்.

நான் வகுப்பில் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். எல்லோரும் கலந்து போகிற தெரு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பகிரும் தெரு ஆக்குவது கல்லோ பூந்தொட்டியோ அல்ல. யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி. அந்த வரி எழுதப்படாத இடத்தில் பலமானவர் பக்கம்தான் வழக்கம் சாயும். ஹாரன் அடித்தவர் போவார், கேட்டவர் ஒதுங்குவார்.

இதைக் கண்ணால் காட்ட ஒரு சனிக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கல் பாவிய தரையில் மக்கள் நடக்கிறார்கள், முடியாதவர்களுக்குப் பேட்டரி கார் ஓடுகிறது. அங்கிருந்து ஒரு சந்து தாண்டினால் ஆவணி மூல வீதி. பைக், ஆட்டோ, தள்ளுவண்டி, மூட்டை சுமப்பவர், நாம் எல்லாம் ஒன்றாகக் கலந்து போகிறோம், எழுதாத விதியோடு. சித்திரை வீதி வண்டியில்லா வீதி, ஆவணி மூல வீதி விதியில்லா வீதி. நாம் தேடுவது இரண்டுக்கும் நடுவில் என்றேன். “மாசி வீதில தேர் வர்றப்ப மட்டும் எல்லாமே நடை வேகம் டீச்சர்” என்றான் ஒருவன். ஊரிலேயே பெரிய வண்டி அதுதான், அது ஆள் இழுக்கிற வேகத்தில்தான் போகிறது. எனக்கே தோன்றாத எடுத்துக்காட்டு.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

பகிரும் தெரு என்ற பெயரில் ஒரு பிரிவு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால் அதற்கான உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்குச் சட்டப் பிரிவு கனமானது என்று தயங்கினேன். எண்ணை மறந்தாலும் பரவாயில்லை, “யார் செய்யலாம், எதைச் செய்யலாம்” என்று மட்டும் தேடுங்கள் என்று கொடுத்தேன். தேடினார்கள்.

112ஆவது பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ மாநில அரசு, அல்லது அது அதிகாரம் அளித்த அமைப்பு, வேக வரம்பைத் தனியே குறைக்கலாம். சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கி.மீ. என்று வரம்பு வந்தது. 115ஆவது பிரிவு ஒரு படி மேலே போகிறது. ஒரு தெருவில் எல்லா வண்டியையுமோ குறிப்பிட்ட வகை வண்டியை மட்டுமோ தடுக்கலாம், விலக்குகளும் நிபந்தனைகளும் வைக்கலாம். அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிக்குமேல் மறுநாள் காலை வரை நடப்பவருக்கு மட்டும் என்று இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நேரம் குறித்தும் தெருவைத் திருப்பித் தரலாம் என்பதற்கு அது நல்ல காட்சி.

இந்த இரண்டு பிரிவுகளிலும் பொதுவாக ஒரு விலக்கு இருக்கிறது. பள்ளிக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான். கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. 115ஆவது பிரிவு, உள்ளூரில் இயன்ற அளவு தெரியப்படுத்தினால் போதும் என்கிறது. அதாவது, ஒரு மாதம் முயன்று பார்க்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இத்தாலியின் போல்சானோ நகரில் பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் மட்டும் பள்ளித் தெருவில் வண்டிகளை நிறுத்தும் பழக்கம் 1989இல் தொடங்கியது. இன்று பல நகரங்களில் அது “பள்ளித் தெரு” என்ற பெயரில் நடக்கிறது.

ஓட்டுகிறவரின் கடமையைப் பற்றி நான் தேடிக்கொண்டிருந்த வரி 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகளில் கிடைத்தது. நடப்போர், சைக்கிளில் போவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்புக்கு ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்கிறது அது. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஆசிரியர்களாகிய நாம் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறோம்? நான் படித்ததில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது பாடத்துக்குத் தொடர்ச்சி தானே வந்தது. நடப்பவர்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் சாலையைப் பயன்படுத்துவது பற்றி விதிகள் செய்யும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாநிலங்களுக்குத் தந்திருந்தது. அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். 2012இல் போட்ட வழக்கு. அதே ஆண்டு மே மாதத்தில், தடையற்ற நடைபாதை கிடைப்பது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. வாழ்வுரிமையைப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகள், அது தங்கள் தெரு வரை வருகிறது என்பதை அன்று பார்த்தார்கள். எலும்பு முறிவு மருத்துவர் ஏன் வழக்குப் போட்டார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கையில் கட்டோடு அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையை மாதக் கணக்கில் பார்த்தவர்கள்.

ஒரு மறுப்பு

மூன்று வரிச் சட்டத்துக்கு வகுப்பே கை உயர்த்தியபோது ஒரு கை உயரவில்லை. எங்கள் எட்டாம் வகுப்பில் பார்வைக் குறைபாடு உள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான்.

“எல்லாத்தையும் ஒரே மட்டமா ஆக்கிட்டா நான் எதப் புடிச்சு நடக்குறது டீச்சர்? வண்டிக்காரர் என்னயப் பாத்து நிப்பாருங்கிறீங்க. அவர் நின்னாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் படித்துக்கொண்டு போயிருந்த எந்தப் புகழ்ச்சியும் இதற்குப் பதிலாகவில்லை. பிரிட்டனில் நடைபாதைத் திண்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சமதளமாக்கிய தெருக்களைப் பற்றிப் பார்வையற்றோர் இதையேதான் சொன்னார்கள். 2018இல் அத்தகைய புதிய திட்டங்களை நிறுத்தி வைக்குமாறு அங்கே அரசு கேட்டுக்கொண்டது. ஓட்டுநரும் நடப்பவரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய தெருவில், கண்ணால் பேச முடியாதவருக்கு இடமில்லை.

வகுப்பு நெடுநேரம் யோசித்தது. கடைசியில் நான்காவது வரி ஒன்று சேர்ந்தது: வலப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்தில் எந்த வண்டியும், தொட்டியும், விளம்பரப் பலகையும் இருக்கக் கூடாது, முடிந்தால் அங்கே கோல் தடவி உணரக்கூடிய வரிக்கல் பதிக்க வேண்டும். அவன் கை உயர்த்தினான். ஓரம் எங்கே என்று கேட்டவனுக்கும் ஒரு மீட்டர் கிடைத்தது.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். இது தேனி மெயின் ரோட்டுக்கோ பைபாஸுக்கோ பொருந்தாது. பேருந்தும் லாரியும் ஓடும் இடத்தில் நடப்பவருக்குத் தனி நடைபாதையும் நல்ல கடவும்தான் தேவை. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு காளவாசலைக் கடக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது, வண்டி கொடுத்தோம், தடம் கொடுத்தோமா என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு பாடம்.

மனு

பாடத்தின் இறுதிச் செயல்பாடு மனு எழுதுதல். தமிழாசிரியர் உதவினார், எட்டாம் வகுப்புக்குக் கடிதப் பயிற்சியும் ஆயிற்று. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, “எங்கள் தெருவை நல்லபடியாக மாற்றித் தரவும்” என்று முடித்தார்கள். எதைக் கேட்கிறீர்கள், யாரால் முடியும், எந்தப் பிரிவில் முடியும் என்று திரும்பக் கேட்டேன். மூன்றாவது வரைவு இப்படி வந்தது: பள்ளி நாட்களில் காலை 8.30 முதல் 9.15 வரை, மாலை 4.10 முதல் 4.45 வரை, தெருவில் குடியிருப்போரின் வண்டிகளும் அவசர வண்டிகளும் தவிர மற்றவை டீக்கடை முக்கிலேயே நிற்க வேண்டும். மற்ற நேரங்களில் வேகம் 20 கி.மீ.; முதலில் ஒரு மாதம் சோதனை முறையில். நான்கு பக்கத்துக்கு அளவுகளும் நொடிக் கணக்கும் இணைப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே படித்துக் காட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. தலைமையாசிரியர் கையொப்பத்தோடு உரிய இடங்களுக்குக் கொடுத்தோம்.

இக்கட்டுரையை எழுதும் நாள் வரை ஆணை வரவில்லை. ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேலாண்மைக் குழுப் பெற்றோர் காத்திருக்கவில்லை. தங்களுக்குள் பேசி, மாலையில் வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு வாசல் வரை நடந்து வருவதென்று முடிவு செய்தார்கள். எல்லோரும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மழை நாளில் பாதிப் பேர் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். இது வழக்கம்தான், விதி அல்ல. அந்த வேறுபாட்டை இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே சொல்வார்கள். ஜூலையில் மோதியவர் தன் வண்டியை டீக்கடைக்கும் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வருகிறார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி அளந்தார்கள். எதிர் வீட்டம்மா இம்முறை திண்ணையில் பாயே விரித்துக் கொடுத்தார். கட்டுப் பிரித்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் வந்து உட்கார்ந்து, கையை உயர்த்தும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முப்பதில் வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 3.6 நொடிக்கு மேல் எடுத்தவர்கள் முன்பைவிட அதிகம். நோட்டை எடுத்து என் வரியைத் தேடினேன். இந்த முறை அடைப்புக்குறிக்குள் பெயர் போடவில்லை, ஆனால் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஸ்கூட்டர், 5.1 நொடி. மணிக்குப் பதினான்கு. நடை வேகத்துக்கு இன்னும் ஒன்பது நொடி இருக்கிறது என்று பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்.